அமெரிக்கக் கால்பந்து அணி: ஆலை ஊர்களின் காலம் (1885–1957)

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆடவர் தேசியக் கால்பந்து அணி தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தை 1916 ஆகஸ்ட் 20 அன்று ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனுடன் ஆடி 3-2 என்ற கணக்கில் வென்றது. 1930-ல் நடந்த முதல் உலகக் கோப்பையில் அரையிறுதிக்குச் சென்றது. 1950-ல் பிரேசிலில் இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்தியது. பிறகு 1990 வரை நாற்பது ஆண்டுகள் உலகக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெறவே இல்லை.

இந்த எழுச்சிக்கும் நீண்ட சரிவுக்கும் காரணம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வீரர்களின் ஊர்களை. நியூ ஜெர்சியின் கார்னி, ஹாரிசன். மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்ட். ரோட் ஐலண்டின் பவ்டக்கெட். பென்சில்வேனியாவின் பெத்லஹேம், ஃபிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்கைச் சுற்றியுள்ள நிலக்கரி ஊர்கள். இவற்றிலிருந்து வெகு தொலைவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் செயின்ட் லூயிஸ். எழுபது ஆண்டுக் காலம் இந்தச் சில இடங்களே மாறி மாறி அணியை நிரப்பின. டெக்சாஸோ, கலிபோர்னியாவோ, தென் மாநிலங்களோ அந்தப் பட்டியல்களில் அநேகமாகக் கண்ணில் படுவதில்லை. நாட்டின் பெயரால் ஆடினாலும், அது நூல் ஆலைகளும் எஃகு உலைகளும் தேவாலயப் பங்குகளும் பெற்று வளர்த்த அணி. அந்த ஊர்கள் செழித்தபோது அணியும் செழித்தது. அவை ஒடிந்தபோது அணியும் ஒடிந்தது.

பசாயிக் ஆற்றங்கரை

ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரைச் சேர்ந்த கிளார்க் குடும்பம் தையல் நூல் தயாரிப்பில் பேர்பெற்றது. அக்குடும்பம் நியூவார்க்கிலும் அதையடுத்து பசாயிக் ஆற்றின் எதிர்க்கரையில் கார்னி வட்டாரத்திலும் ஆலைகள் கட்டியபோது, தொழில் தெரிந்தவர்களைத் தாய்நாட்டிலிருந்தே வரவழைத்தது. அவர்களோடு பந்தும் வந்தது. ஆலை நிர்வாகமே தொழிலாளர்களுக்கு மைதானம் அமைத்துக் கொடுத்தது. ஆலையின் நூல் வகை ஒன்றின் பெயரான ‘ஓ.என்.டி.’ என்பதையே கழகத்தின் பெயராகவும் வைத்துக்கொண்டார்கள்.

1884-ல் நியூவார்க்கில் அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் தோன்றியது. அது நடத்திய ‘அமெரிக்கக் கோப்பை’யை முதல் மூன்று ஆண்டுகளும் ஓ.என்.டி. வென்றது. 1885 நவம்பர் 28 அன்று அந்த ஆலை மைதானத்தில் கனடா அணி வந்து ஆடியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இரு நாட்டு அணிகள் மோதிய முதல் ஆட்டம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் இதைக் கொள்கிறார்கள். கனடா 1-0 என்று வென்றது. ஆட்டத்தில் கைகலப்பும் நடந்தது. மறு ஆண்டு நன்றி கூறும் திருநாளையொட்டிய ஆட்டத்தில் அமெரிக்க அணி 3-2 என்று ஈடு செய்தது. இரண்டும் அதிகாரபூர்வக் கணக்கில் சேராதவை. அமெரிக்கத் தரப்பு என்று சொல்லப்பட்டதும் நாடெங்கும் தேடி எடுத்த அணி அன்று. ஆற்றின் இரு கரைகளிலும் வசித்த, பெரும்பாலும் ஸ்காட்லாந்துப் பேச்சு பேசிய தொழிலாளர்களே அதில் இருந்தார்கள்.

கார்னியின் பங்கு அங்கே முடிந்துவிடவில்லை. 1930 உலகக் கோப்பையில் கோல் காத்த ஜிம்மி டக்ளஸ் பக்கத்து ஊரான கிழக்கு நியூவார்க்கில் பிறந்தவர். அணித் தலைவர் டாம் ஃபுளோரி ஹாரிசனில் பிறந்த இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் 1990-ல் அமெரிக்கா உலகக் கோப்பைக்குத் திரும்பியபோது, அணியின் முக்கியமான மூவர், கோல்கீப்பர் டோனி மியோலாவும் ஜான் ஹார்க்ஸும் டேப் ராமோஸும், இதே வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். ஆலை மூடிய பிறகும் தெருவில் பந்து நிற்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஃபால் ரிவர்

கார்னி ஸ்காட்லாந்தின் கிளை என்றால் ஃபால் ரிவர் லங்காஷயரின் கிளை. பருத்தி ஆலைகளில் வேலை தேடி வந்த ஆங்கிலேயர் ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கியூபெக்கிலிருந்து வந்த பிரெஞ்சுக் குடும்பங்களும், அசோர்ஸ், மடெய்ரா தீவுகளிலிருந்து வந்த போர்ச்சுகீசியக் குடும்பங்களும் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. 1888 முதல் 1892 வரை ஐந்து ஆண்டும் அமெரிக்கக் கோப்பை இந்த ஒரே ஊரின் கழகங்களுக்குப் போனது. ரோவர்ஸ், ஒலிம்பிக்ஸ், கிழக்கு முனைக் கழகம் என்று மூன்று பெயர்கள், ஊர் ஒன்றுதான்.

அமெரிக்கக் கால்பந்தில் ஃபால் ரிவருக்கு இணையான ஊர் எது என்ற கேள்விக்குச் செயின்ட் லூயிஸ் ஒன்றைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். 1916-ல் ஸ்வீடன் சென்ற முதல் அணியின் தலைவர் தாமஸ் சோர்ட்ஸ் ஃபால் ரிவர்க்காரர். முதல் உலகக் கோப்பையின் முதல் ‘ஹாட்ரிக்’ அடித்த பெர்ட் பேட்டனோட் அங்கே பிறந்தவர். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று ஒரு தலைமுறையே ஒப்புக்கொண்ட பில்லி கொன்சால்வஸ் ஆட்டம் கற்றது அங்கே. இங்கிலாந்தை வென்ற அணியில் ஆடிய ஜான் சூசாவும் எட் சூசாவும் அங்கிருந்தே வந்தவர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவரும் உறவினர் அல்லர்.

பக்கத்திலுள்ள பவ்டக்கெட்டில் ஜே. அண்டு பி. கோட்ஸ் நூல் ஆலை தன் பெயரிலேயே ஓர் அணியை நடத்தியது. அதுவும் பெய்ஸ்லி நகரத்து நிறுவனமே. நூல் வியாபாரத்தில் போட்டியிட்ட இரு பெய்ஸ்லிக் குடும்பங்களின் பெயரும் அமெரிக்கக் கால்பந்தின் தொடக்கக் கணக்கில் பதிந்துவிட்டது.

சங்கங்களின் சண்டையும் முதல் பயணமும்

1904 ஒலிம்பிக் போட்டி செயின்ட் லூயிஸில் நடந்தபோது கால்பந்துக்கு மூன்றே அணிகள் வந்தன. கனடாவின் கால்ட் கழகம் தங்கம் பெற்றது. உள்ளூர்க் கிறிஸ்தவ சகோதரர் கல்லூரியும் புனித ரோஸ் பங்கு அணியும் மற்ற இரு பதக்கங்களைப் பகிர்ந்துகொண்டன. கால்ட் அந்தக் கல்லூரியை 7-0 என்றும் பங்கு அணியை 4-0 என்றும் வென்றது. கல்லூரி அணியில் ஜனுவரி என்ற குடும்பத்தின் சகோதரர் மூவர் ஆடினார்கள். இவற்றைத் தேசிய அணி ஆட்டங்களாக யாரும் கருதுவதில்லை. ஆனாலும் நகரப் பள்ளியும் தேவாலயப் பங்கும் நாட்டின் சார்பில் இறங்கிய அந்த வழக்கம் அடுத்த அரை நூற்றாண்டும் தொடர்ந்தது.

அதிகாரபூர்வ அணி அமைய ஒரு தேசியச் சங்கம் வேண்டியிருந்தது. 1912-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஃபிஃபா) மாநாட்டில், அமெரிக்காவின் பெயரால் இரண்டு சங்கங்கள் உரிமை கோரின: நியூவார்க்கின் பழைய சங்கம் ஒன்று, நியூயார்க்கின் புதிய அமெச்சூர் சங்கம் மற்றொன்று. முதலில் நீங்கள் ஒன்றாகி வாருங்கள் என்று மாநாடு சொல்லி அனுப்பியது. வாதம் ஓர் ஆண்டு நீடித்தது. 1913 ஏப்ரல் 5 அன்று நியூயார்க்கின் ஆஸ்டர் ஹவுஸ் விடுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் கால்பந்துச் சங்கம் உருவானது. மருத்துவரான ராண்டால்ஃப் மேனிங் தலைவரானார். தாமஸ் காஹில் செயலாளரானார்.

காஹில் செயின்ட் லூயிஸில் வளர்ந்தவர். அவர் பிடிவாதக்காரர், பலரோடு மோதியவர், பதவியிலிருந்து விலகித் திரும்பியவர். ஆனால் அவருடைய உழைப்பு இல்லாமல் அக்காலத்துச் சங்கத்தை எண்ணிப் பார்க்க முடியாது. ஐரோப்பா போரில் மூழ்கியிருந்த 1916-ல், போரில் சேராத ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கு ஓர் அணியை அட்லாண்டிக் கடந்து அழைத்துப் போனார். ஹாரிசனைச் சேர்ந்த ஜார்ஜ் டின்டில் கோல் காத்தார். கார்னியின் ஜேம்ஸ் ஃபோர்ட், ஃபிலடெல்ஃபியாவின் டிக் ஸ்பால்டிங், செயின்ட் லூயிஸிலிருந்து வந்த மாட் டீட்ரிக்சன் ஆகியோரும் இருந்தார்கள். ஸ்வீடனை வென்ற பிறகு செப்டம்பர் 3 அன்று நார்வேயுடன் 1-1 என்று சமன் செய்தார்கள். ஸ்பால்டிங் பின்னாளில் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிக்காக முதல்நிலை பேஸ்பால் ஆடினார். ஒரே மனிதர் இரு விளையாட்டிலும் உச்சம் தொடுவது அன்று அபூர்வம் இல்லை. பருவத்துக்கு ஏற்ப ஆட்டம் மாறியது, அவ்வளவே.

பணம் புழங்கிய ஆண்டுகள்

1921-ல் அமெரிக்கக் கால்பந்து லீக் தொடங்கியது. அடுத்த எட்டு ஆண்டுகள் இந்த நாட்டில் கால்பந்து உண்மையாகவே காசு பார்த்த தொழில். பெத்லஹேம் எஃகு நிறுவனத்தின் அணிதான் அதில் தலைமையானது. நிறுவனத் தலைவர் சார்லஸ் ஷ்வாபின் ஆதரவோடு ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்களை எடுத்துவந்து, சங்கம் நடத்திய தேசிய சவால் கோப்பையை ஐந்து முறை வென்றது. இங்கே 1924-25 பருவத்தில் ஆர்ச்சி ஸ்டார்க் லீக் ஆட்டங்களில் மட்டும் 67 கோல் அடித்தார். கிளாஸ்கோவில் பிறந்து சிறுவயதில் கார்னிக்கு வந்தவர் அவர்.

ஃபால் ரிவரில் சாம் மார்க் என்பவர் ஒரு கழகத்தை வாங்கித் தன் பெயரையே சேர்த்து ‘மார்க்ஸ்மென்’ என்று வைத்தார். மாசசூசெட்ஸ் சட்டம் ஞாயிற்றுக்கிழமையில் கட்டண விளையாட்டை அனுமதிக்கவில்லை. ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வோ ஞாயிறு ஒருநாள்தான். மார்க் மாநில எல்லையைத் தாண்டி, ரோட் ஐலண்டின் டிவெர்டனில் தன் மைதானத்தைக் கட்டினார். ஃபால் ரிவர் மக்கள் எல்லை கடந்து நடந்துபோய் ஆட்டம் பார்த்தார்கள்.

தேசிய அணிக்கு இந்தச் செழிப்பு உடனே கைகொடுக்கவில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் எஸ்டோனியாவை ஒரு பெனால்டி கோலால் வென்ற அணி, அடுத்து உருகுவேயிடம் 0-3 என்று வீழ்ந்தது. 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் அர்ஜென்டினாவிடம் 2-11. ஒலிம்பிக்கில் தொழில்முறை வீரர் ஆட முடியாது. லீக்கில் சம்பளம் வாங்கிய சிறந்தவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். தொழில்முறை வீரருக்கும் வாசல் திறந்த முதல் பெரும் போட்டி 1930 உலகக் கோப்பை. அமெரிக்க அணியின் உண்மையான வலு உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

அதற்குள் வீட்டில் தீப்பற்றியிருந்தது. கோப்பைப் போட்டியைப் பருவத்தின் நடுவே நடத்துவது பற்றி 1928-ல் சங்கத்துக்கும் லீக்குக்கும் மூண்ட சண்டை ‘கால்பந்துப் போர்’ என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. சங்கம் லீக்கை விலக்கிவைத்தது. சில கழகங்கள் பிரிந்துபோய்ப் போட்டி லீக் தொடங்கின. சமாதானம் வருவதற்குள் 1929-ன் பொருளாதார வீழ்ச்சி வந்துவிட்டது. 1930-ல் பெத்லஹேம் அணி கலைந்தது. உலகக் கோப்பைக்குப் போன அணி, தான் புறப்பட்டுவந்த வீடு சரிந்துகொண்டிருந்தபோதே மொன்டிவிடியோவில் ஆடியது.

மொன்டிவிடியோ, 1930

அணி ‘முனார்கோ’ என்ற கப்பலில் தெற்கே சென்றது. மேலாளர் வில்ஃப்ரெட் கம்மிங்ஸ். பயிற்சியாளர் ஸ்காட்லாந்தில் பிறந்த ராபர்ட் மில்லர். ஜூலை 13 அன்று பெல்ஜியத்தை 3-0 என்று வென்றார்கள். முதல் கோலை பார்ட் மெக்கீ அடித்தார். உலகக் கோப்பையின் முதல் நாளான அன்று அதே வேளையில் இன்னொரு மைதானத்தில் பிரான்சும் மெக்சிகோவும் ஆடிக்கொண்டிருந்தன. நான்கு நாள் கழித்து பராகுவேயையும் 3-0 என்று வென்றார்கள். மூன்றும் பேட்டனோட்டின் கோல்கள்.

பேட்டனோட்டுக்கு அப்போது வயது இருபது. ஆனால் இரண்டாவது கோலை யார் அடித்தது என்பதில் பதிவுகள் முரண்பட்டன. சிலர் ஃபுளோரி என்றார்கள். சிலர் எதிரணியின் சுய கோல் என்றார்கள். அதனால் முதல் ஹாட்ரிக்கின் பெருமை இரண்டு நாள் கழித்து மெக்சிகோவுக்கு எதிராக மூன்று அடித்த அர்ஜென்டினாவின் ஸ்டாபிலேயிடம் பல பத்தாண்டுகள் இருந்தது. பழைய செய்தித்தாள்களையும் உடன் ஆடியவர்களின் சாட்சியங்களையும் ஆய்வாளர்கள் திரட்டிக் கொடுத்தபின், 2006 நவம்பரில் ஃபிஃபா பேட்டனோட்டின் பெயரை ஏற்றது. அவர் 1974-ல், தன் 65-வது பிறந்தநாளன்றே, காலமாகிவிட்டிருந்தார். இந்த அநீதி திருத்தப்பட்டது நல்லதே. ஆனால் அவர் உயிரோடிருந்தபோது அவரைத் தேடிப்போய்க் கேட்டிருக்க முடியும் என்ற எண்ணம் அகலுவதில்லை.

ஜூலை 26 அன்று அரையிறுதி, அர்ஜென்டினாவுடன். மாற்று வீரரை இறக்கும் விதி அன்று கிடையாது. தொடக்கத்திலேயே செயின்ட் லூயிஸின் ரால்ஃப் டிரேசிக்குக் கால் முறிந்தது. இடைவேளை வரை சமாளித்து ஆடியவர் அதன்பின் வரவில்லை. கோல்கீப்பர் டக்ளஸும் காயத்தோடு நின்றார். இடைவேளையில் 0-1 என்றிருந்த கணக்கு முடிவில் 1-6 ஆனது. கடைசி நேரத்தில் ஜிம் பிரவுன் அந்த ஒரு கோலை அடித்தார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் அந்தப் போட்டியில் நடக்கவில்லை. 1986-ல் ஃபிஃபா பழைய போட்டிகளுக்குத் தரவரிசை வகுத்தபோது அமெரிக்காவை மூன்றாம் இடத்தில் வைத்தது. அமெரிக்க ஆடவர் அணி இன்றுவரை அதற்கு மேல் போனதில்லை.

இந்த அணியைப் பற்றி ஒரு பழைய குறை உண்டு: இது பிரிட்டிஷ் தொழில்முறை வீரர்களைக் கூலிக்குப் பிடித்து ஆடிய அணி என்பது. பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டனில் பிறந்தவர்கள் ஆறு பேர். ஐவர் ஸ்காட்லாந்தினர், ஒருவர் ஆங்கிலேயர். அவர்களில் பிரிட்டிஷ் லீக்கில் ஆடிய அனுபவம் உடையவர் ஜார்ஜ் மூர்ஹவுஸ் ஒருவரே, அதுவும் டிரான்மியர் ரோவர்ஸ் அணிக்காக விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். மற்றவர்கள் சிறுவராகவோ இளைஞராகவோ வந்து, அமெரிக்க மண்ணில் ஆட்டக்காரர் ஆனவர்கள். ஜிம் பிரவுன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடியது 1930-க்குப் பிறகுதான். பந்து அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்ததை எல்லாரும் சொல்கிறார்கள். ஆட்டக்காரர்கள் இங்கிருந்து அங்கே போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கொன்சால்வஸ் இந்தப் போட்டியில் கோல் அடிக்கவில்லை. உள்ளூரிலோ அவர் எட்டு தேசிய சவால் கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தார். அவற்றில் ஆறு 1930 முதல் 1935 வரை தொடர்ச்சியாக வந்தவை. ஃபால் ரிவரில் தொடங்கி, நியூ பெட்ஃபோர்ட் வழியாகச் செயின்ட் லூயிஸ் வரை போன பயணம் அது. நியூ இங்கிலாந்தின் ஆலைகள் மூடமூட, ஆட்டக்காரர் வேலை இருந்த ஊருக்குப் போனார். மடெய்ராவிலிருந்து வந்த பெற்றோரும் ஒருகாலத்தில் இதே காரணத்துக்காகத்தான் கடல் தாண்டினார்கள்.

ரோம், 1934

அமெரிக்காவின் விண்ணப்பம் தாமதமாகப் போனதால், மெக்சிகோவுடனான தகுதி ஆட்டத்தை உலகக் கோப்பை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு ரோமிலேயே வைத்தார்கள். 4-2 என்று அமெரிக்கா வென்றது. நான்கு கோலும் ஆல்டோ டொனெல்லி அடித்தவை. அவர் பிட்ஸ்பர்குக்கு அருகிலுள்ள மார்கன் என்ற சுரங்க ஊரின் இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. மெக்சிகோ அணி அட்லாண்டிக் கடந்து வந்து, ஓர் ஆட்டம் ஆடி, ஊர் திரும்பியது. மே 27 அன்று முசோலினியின் கண்முன்னே இத்தாலி அமெரிக்காவை 7-1 என்று நசுக்கியது. அந்த ஒன்றும் டொனெல்லியின் கோல்தான்.

டொனெல்லி அதன்பின் அமெரிக்க ஃபுட்பாலில் பயிற்சியாளராகப் புகழ்பெற்றார். 1941-ல் டியூக்கேன் பல்கலைக்கழக அணியையும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் தொழில்முறை அணியையும் சிலகாலம் ஒரே நேரத்தில் நடத்தினார். தேசிய அணியின் ஐந்து கோல்களை இரண்டே ஆட்டங்களில் அடித்த ஒருவரைக் கால்பந்து தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. 1933-ல் முதல் லீக் நொறுங்கிய பிறகு எழுந்தது சிறிய கழகங்களின் அரைத் தொழில்முறை லீக். அதில் வாழ்க்கை நடத்தும் அளவு பணம் இல்லை.

செயின்ட் லூயிஸ்

கிழக்குக் கரையின் எல்லா ஊர்களிலும் கால்பந்து குடியேறியவர்களின் ஆட்டம். செயின்ட் லூயிஸில் அது உள்ளூர்ப் பிள்ளைகளின் ஆட்டம். கத்தோலிக்கப் பங்குகள் ஒவ்வொன்றும் சிறுவர் அணி நடத்தின. பள்ளி மைதானத்திலிருந்து பங்கு அணி, அதிலிருந்து நகர லீக் என்று ஒரு வரிசை இயல்பாகவே அமைந்தது. கப்பலில் வந்து இறங்கும் ஆட்டக்காரரை நம்பி இந்நகரம் இருக்கவில்லை. 1920-ல் பென் மில்லர்ஸ் அணி தேசிய சவால் கோப்பையைச் செயின்ட் லூயிஸுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தபோது, ஒருவரைத் தவிர அணியில் அனைவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். மற்ற ஊர்களில் அன்று யாராலும் அப்படி ஓர் அணியைத் திரட்டியிருக்க முடியாது. நுணுக்கமான குறும்பாஸ்களைக் காட்டிலும் ஓட்டத்தையும் உடல்வலுவையும் நம்பிய ஆட்டம் அது. கிழக்கத்திய விமர்சகர்கள் அதைக் கரடுமுரடு என்றார்கள், ஆனால் அது வென்றது.

அணிகளின் பெயர்களே இந்நகரின் வணிக வீதியைக் காட்டும். பென் மில்லர் தொப்பி நிறுவனம். ஸ்கல்லின் எஃகு நிறுவனம். ஸ்டிக்ஸ், பேர் அண்டு ஃபுல்லர் பல்பொருள் அங்காடி. சிம்ப்கின்ஸ்-ஃபோர்ட் கார் விற்பனையகம். கூட்டிஸ், இறுதிச்சடங்கு நடத்தும் நிறுவனம். இவர்கள் சட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்த்தார்கள்.

நகரின் தென்மேற்கில் ‘ஹில்’ என்ற மேட்டுப் பகுதி இருக்கிறது. அங்குள்ள களிமண் சுரங்கங்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் லொம்பார்டியிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வந்த இத்தாலியர் குடியேறினார்கள். பேஸ்பால் நட்சத்திரம் யோகி பெர்ரா வளர்ந்த தெரு அங்கேதான். ஃபிராங்க் போர்கி, சார்லி கொலம்போ, ஜீனோ பரியானி, ஃபிராங்க் வாலஸ் என்ற நால்வரும் இந்த ஒரே பகுதியின் பிள்ளைகள். சிம்ப்கின்ஸ்-ஃபோர்ட் அணியில் சேர்ந்து ஆடியவர்கள். நகரின் வேறொரு பகுதியில் வளர்ந்த ஹாரி கியோ ஐந்தாமவர். 1950 ஜூன் 29 அன்று களம் இறங்கிய பதினொருவரில் ஐவர் செயின்ட் லூயிஸ்காரர்கள்.

பெலோ ஹொரிசொன்டே, 1950

1930-க்கும் 1950-க்கும் இடையே தேசிய அணி ஒட்டுப்போட்டு ஓடியது. 1937-ல் மெக்சிகோ சென்று மூன்று ஆட்டங்களிலும் படுதோல்வி. 1947-ல் ஹவானாவில் நடந்த வட அமெரிக்கப் போட்டிக்குத் தனியாக அணி தேர்ந்தெடுக்கவும் இல்லை. அவ்வாண்டு தேசியக் கோப்பையையும் அமெச்சூர் கோப்பையையும் சேர்த்து வென்ற ஃபால் ரிவரின் பொன்டா டெல்கடா கழகத்தையே நாட்டின் அணியாக அனுப்பினார்கள். அசோர்ஸ் தீவுகளின் ஒரு நகரத்துப் பெயரைத் தாங்கிய கழகம் அது. மெக்சிகோவிடம் 0-5, கியூபாவிடம் 2-5. மறு ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலியிடம் 0-9.

ஆகவே 1950-ல் பிரேசில் சென்ற அணியிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில் ஜெஃப்ரி பயிற்சியாளர். போர்கி இறுதிச்சடங்கு நிறுவனத்தின் ஊர்தி ஓட்டியவர். இரண்டாம் உலகப் போரில் மருத்துவப் படைவீரராக நார்மண்டியில் இருந்தவர். பேஸ்பாலும் ஆடியவர் என்பதால் பந்தைக் காலால் உதைப்பதைவிடக் கையால் எறியவே விரும்பினார். கியோ தபால்காரர். வாலஸ் போர்க்கைதியாக இருந்து திரும்பியவர். நடுக்களத்தின் வால்டர் பார் ஃபிலடெல்ஃபியாவின் லைட்ஹவுஸ் சிறுவர் கழகத்தில் வளர்ந்த பள்ளி ஆசிரியர். ஜோ கேட்ஜென்ஸ் ஹெய்ட்டியிலிருந்து கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கணக்கியல் படிக்க வந்த மாணவர். நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே புரூக்ஹாட்டன் கழகத்துக்கு ஆடினார்.

முதல் ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராகப் பரியானி கோல் அடித்துக் கொடுத்த முன்னிலையைக் கடைசிப் பத்து நிமிடம் வரை காத்து, பிறகு 1-3 என்று இழந்தார்கள். அந்தத் தோல்வியைக் கவனித்தவர்கள் அடுத்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். இங்கிலாந்து அணியில் பில்லி ரைட், ஆல்ஃப் ராம்சே, டாம் ஃபின்னி, வில்ஃப் மானியன், ஸ்டான் மோர்டென்சன் இருந்தார்கள். சிலியை வென்ற அணியை மாற்ற வேண்டாம் என்று தேர்வாளர் ஆர்தர் டிரூரி முடிவு செய்ததால் ஸ்டான்லி மாத்யூஸ் வெளியே உட்கார்ந்திருந்தார். அமெரிக்க அணித் தலைமையை அன்று ஸ்காட்லாந்தில் பிறந்த எட் மெக்கில்வெனியிடம் கொடுத்திருந்தார்கள்.

தொடக்கத்தில் இங்கிலாந்து இடைவிடாமல் தாக்கியது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. போர்கியின் கையில் பட்டுத் திரும்பியது. 37-ஆம் நிமிடத்தை ஒட்டி மெக்கில்வெனி பக்கக்கோட்டிலிருந்து எறிந்த பந்தை பார் வாங்கி, ஏறக்குறைய 25 கஜத் தொலைவிலிருந்து கோலை நோக்கி அடித்தார். கோல்கீப்பர் பெர்ட் வில்லியம்ஸ் அதன் திசையில் நகர்ந்தார். கூட்டத்தினிடையே கேட்ஜென்ஸ் பாய்ந்து தலையால் தொட்டார்; பந்து திசை மாறி வலைக்குள் போனது. இரண்டாம் பாதியில் மோர்டென்சன் தனியே ஓடிவந்தபோது கொலம்போ பின்னாலிருந்து பாய்ந்து அவரை விழத்தட்டினார். அந்த ஃப்ரீ கிக்கைத் தொடர்ந்து வந்த தலைமுட்டலைப் போர்கி கோட்டருகே தட்டி வெளியேற்றினார். ஆட்டம் முடிந்ததும் பிரேசில் ரசிகர்கள் கேட்ஜென்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒரே ஒருவர்தான் அங்கே இருந்தார்: செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் நாளிதழின் டென்ட் மெக்ஸ்கிம்மிங். விடுமுறை எடுத்துக்கொண்டு தன் செலவில் வந்தவர் அவர். ஆங்கிலப் பத்திரிகைகள் இதை அச்சுப்பிழை என்று நினைத்து 10-1 என்று திருத்திப் போட்டன என்பது ஆதாரமில்லாத கதை. மூன்று நாள் கழித்து ரெசிஃபியில் சிலியிடம் 2-5 என்று தோற்று அணி வெளியேறியது.

மெக்கில்வெனி, பெல்ஜியத்தில் பிறந்த ஜோ மாக்கா, கேட்ஜென்ஸ் மூவரும் அமெரிக்கக் குடிமக்கள் அல்லர் என்ற புகார் எழுந்தது. குடியுரிமை பெறும் விருப்பத்தை அறிவித்திருந்தால் போதும் என்பது அன்றைய சங்க விதி. ஃபிஃபாவும் விசாரித்துத் தவறில்லை என்று தீர்த்தது. 1885-ல் ஆலை மைதானத்தில் இறங்கிய அணியிலிருந்து இந்த அணி வரை, வந்து சேர்ந்தவர்கள் இல்லாத அமெரிக்கக் கால்பந்து ஒருநாளும் இருந்ததில்லை. அந்த உண்மையைக் குறையாக எழுதுவது வரலாற்றைத் தலைகீழாகப் பிடிப்பது.

கேட்ஜென்ஸ் பிரான்சில் சிலகாலம் ஆடிவிட்டு ஹெய்ட்டிக்குத் திரும்பி, உலர் சலவைக் கடை நடத்தினார். சகோதரர்கள் சிலர் சர்வாதிகாரி டுவாலியேயின் ஆட்சியை எதிர்த்தார்கள். இவர் அரசியலில் இறங்கவில்லை. 1964 ஜூலை 8 அன்று ‘டோன்டோன் மகூட்’ ரகசியப் படை அவரைப் பிடித்துச் சென்றது. அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. 1976-ல் அமெரிக்கத் தேசியக் கால்பந்துப் புகழ் மண்டபம் 1950 அணியினருக்கு இடமளித்தபோது அவர் பெயரும் அதில் சேர்ந்தது.

அதற்குப் பின்

பெலோ ஹொரிசொன்டே வெற்றி எதையும் மாற்றவில்லை. தாயகத்தில் அதைப் பற்றிப் பேச ஆளில்லை. பணம் போட ஆளில்லை. நியூ இங்கிலாந்தின் பருத்தி ஆலைகள் ஏற்கெனவே தென் மாநிலங்களுக்குப் போய்விட்டன. 1924-ன் குடியேற்றச் சட்டம் தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஓட்டத்தை அடைத்துவிட்டிருந்தது. போருக்குப் பின் பழைய குடியிருப்புகளை விட்டுப் புறநகருக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் பேஸ்பாலுக்கும் அமெரிக்க ஃபுட்பாலுக்கும் போனார்கள். பார் குடும்பமே இதற்குச் சான்று: வால்டர் பாரின் மகன்கள் கிறிஸும் மாட்டும் அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை உதைக்கும் வீரர்களாகி ‘சூப்பர் பௌல்’ வென்றார்கள்.

செயின்ட் லூயிஸ் மட்டும் தாக்குப்பிடித்தது. 1957-ல் கூட்டிஸ் அணி தேசியக் கோப்பையையும் அமெச்சூர் கோப்பையையும் வென்றது. அவ்வாண்டு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மெக்சிகோவிடம் 0-6, 2-7 என்று தோற்றிருந்த சங்கம், கனடாவுக்கு எதிரான இரு ஆட்டங்களுக்கும் இந்த ஒரே கழகத்தை நாட்டின் அணியாக இறக்கியது. டொரொன்டோவில் 1-5, செயின்ட் லூயிஸில் 2-3. இங்கிலாந்தை வென்ற நாளில் தடுப்பில் நின்ற ஹாரி கியோ இந்த அணியிலும் இருந்தார். பின்னர் அவர் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகி, 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஐந்து தேசியக் கல்லூரிப் பட்டங்களை வென்றார். அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்கள் கல்லூரிகளிலிருந்தே வரத் தொடங்கினார்கள். கியோவின் மகன் டையும் அந்தப் பல்கலைக்கழக அணியில் ஆடித் தேசிய அணிக்குப் போனவர்.